கதிரை ஒன்று, உடைவு

அனுமதிக் கடிதத்தில்
'இன்னிசை மாலை' என்றுதான் எழுதினோம்.
அது முதல் பொய்.
பிரதேச சபையில் சிவப்புப் பேனாக்காரர்
"பக்திப் பாட்டோ?" என்று கேட்டார்.
"கொஞ்சம் உருக்கமானது" என்றான் சேந்தன்.

பட்டா வாகனத்தின் பின்பெட்டி.
வாழைக்குலைப் பிசின் இன்னும் காயாத பலகையில்
இரண்டு அம்பிளிபயர், ஒரு ட்றம் செற், நாங்கள் நால்வர்.
கொக்குவிலில் இருந்து சுன்னாகம் வரை
சிம்பலை மடியில் வைத்திருந்தான் யூட்.
ஒவ்வொரு குழிக்கும் அது
தன்பாட்டில் முணுமுணுத்தது.

அவனுடைய இரட்டை மிதிக்கு
கொழும்பில் ஒரு லட்சத்து முப்பது கேட்டார்கள்.
கோண்டாவில் கடைச்சல் பட்டறையில்
சைக்கிள் செயினையும் தையல் மெசின் மிதியையும் ஒட்டி
ஆறாயிரத்தோடு முடிந்தது.
பட்டறைக்காரர் கடைசிவரை நம்பினார்
அது தண்ணி இறைக்கிற ஏதோ சாமான் என்று.

பாடுகிறவள் தாட்சாயினி.
பகலில் தனியார் ஆஸ்பத்திரியில்
இலக்கம் கூப்பிடுகிற வேலை.
"நாப்பத்தொண்டு... நாப்பத்தொண்டு நிக்கிறீங்களோ?"
பஞ்சில் தொட்ட ஸ்பிரிற் மாதிரி ஒரு குரல்.
அதே தொண்டையின் அடித்தட்டில் இருந்துதான்
இரவில் மற்றது வரும்.
வீட்டில் பழக ஏலாது.
ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு
பண்ணைப் பாலத்தில் ஸ்கூட்டியை முறுக்கி
கடலைப் பார்த்து உறுமுவாள்.
ஒருநாள் முன்னால் போன மீன்காரர்
லொறி என்று ஒதுங்கி வழிவிட்டாராம்.

மண்டபத்தில் நூற்றைம்பது கதிரை.
பதினேழு பேர்.
அதில் இருவர் கதிரைக்காரர்,
ஒருவர் காவலாளி,
ஒருத்தி தாட்சாயினியின் தங்கை, காதில் பஞ்சோடு.
முன்வரிசையில் ஒரு ஐயா
வேட்டி சால்வையோடு வந்து
இன்னிசைக்குக் காத்திருந்தார்.
அவரைக் கண்டுதான் எனக்கு பேஸில் விரல் நடுங்கியது.

முதல் பாட்டு லீசிங் பற்றியது.
மூன்றாம் தவணை பிந்திய கிழமை
சேந்தனின் ஓட்டோவைச் சந்தியில் மறித்து
திறப்பைப் பறித்துப் போன இரண்டு பேரைப் பற்றியது.
வட்டி, வட்டி, வட்டி என்று
பதினாறு தரம் வரும்.
பதினோராவது வட்டியில்
கரண்ட் போனது.

கிற்றார் செத்தது. பேஸ் செத்தது. மைக் செத்தது.
யூட் நிற்பாட்டவில்லை.
இருட்டுக்குள் அந்தத் தையல் மெசின் மிதி
தடதடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.
பின்வரிசையில் ஆரோ ஒருவர் எழும்பி
வெளியே போனார்,
வேகமாக, முதுகைக் குனிந்தபடி.
அதைப் பற்றி நாங்கள் பிறகும் கதைக்கவில்லை.

மிச்சம் ஐந்து வட்டியையும்
வெறுந்தொண்டையால் முடித்தாள் தாட்சாயினி.
முகட்டில் புறாக்கள் இடம் மாறி இருந்தன.

நாலைந்து கைபேசி வெளிச்சத்தில் தெரிந்தது:
ரியூட்டரிப் பொடியள் மூன்று பேர்
ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு,
சிரிப்போ அழுகையோ பிடிபடாத முகத்தோடு.
ஐயா தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் தவறவிட்டு
திரும்பவும் முதலில் இருந்து.
கதிரை ஒன்று முறிந்த சத்தம்
யூட்டின் அடியோடு சரியாக விழுந்தது.

பத்தரைக்கு வெளியில் கணக்கு.
ரிக்கற் வரவு மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
பட்டாவுக்கு மட்டும் நாலாயிரம்.
கதிரைக்காரர் ரோர்ச் வெளிச்சத்தில்
துண்டு எழுதித் தந்தார்:
கதிரை ஒன்று, உடைவு, ரூபா 1,850.
"கலியாண வீட்டிலயும் இப்பிடி உடையிறேல்லை."
சேந்தன் அதை மடிக்காமல்
கிற்றார் பெட்டிக்குள், கம்பிகளுக்கு அடியில் வைத்தான்.

சந்திக் கடையில் ஒரு கொத்துரொட்டி, நாலு பங்கு.
தகட்டில் இரும்பு அடிபட அடிபட
மேசைக்குக் கீழே யூட்டின் கால் ஆடியது.
தாட்சாயினிக்கு ஒரு சொல்லும் வரவில்லை.
இஞ்சிப் பிளேன்ரீக்கு
விரலை மட்டும் காட்டினாள்.
காலை ஆறரைக்கு வேலை.
"நாளைக்கு நாப்பத்தொண்டை ஆர் கூப்பிடுறது?" என்று கேட்டேன்.
வாயைத் திறந்து சிரித்தாள்,
சத்தமே இல்லை.